கோடு போட்ட ஏஞ்சல் மீன்: வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது எப்படி? கடன் வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



கடந்த சில மாதங்களாக நாங்கள் போகும் குழுக் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "வண்ண மீன் வளர்த்தா நல்ல காசுன்னு சொல்றாங்களே, உள்கடன்ல ஒரு தொட்டி வாங்கலாமா?" அதிலும் முக்கோண வடிவில், நீளமான துடுப்போடு, தண்ணீரில் அசையாமல் நிற்கும் ஏஞ்சல் மீனைக் கடையில் பார்த்துவிட்டு வந்து கேட்பவர்கள் அதிகம். சிலர் பிள்ளைகளுக்காக ஆசையாய் வளர்க்கக் கேட்கிறார்கள். சிலர் தொழிலாகச் செய்யக் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் பயன்படும் விதமாக இந்த மாதம் இதையே எழுதுகிறோம்.

ஏஞ்சல் மீனில் பல நிறங்கள் உண்டு. இங்கே நாம் பார்க்கப்போவது வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடு போட்ட, இயற்கை நிறம் மாறாத மீனை. கடைகளில் இதை "சில்வர் ஏஞ்சல்" என்றும் "வைல்டு ஏஞ்சல்" என்றும் சொல்வார்கள்.

இந்த மீன் எங்கிருந்து வந்தது?

ஏஞ்சல் மீன் நம் நாட்டு மீன் இல்லை. தென் அமெரிக்காவில் பிரேசில், பெரு, கொலம்பியா நாடுகளில் ஓடும் அமேசான் ஆறும் அதன் கிளைகளும்தான் இதன் சொந்த ஊர். அங்கே மழைக்காலத்தில் ஆறு பெருகிக் காட்டுக்குள் புகுந்துவிடும். மரத்தின் வேர், விழுந்த கிளை, நீண்ட செடிகளுக்கு நடுவில் தண்ணீர் மெதுவாக நகரும். அந்த இடுக்குகளில்தான் இது வாழ்கிறது. உடம்பு தட்டையாக இருப்பது வேர்களுக்கு நடுவே நுழைந்து போக. கறுப்புக் கோடு இருப்பது வேரின் நிழலோடு நிழலாக மறைந்து நிற்க. அழகுக்காக என்று நாம் நினைப்பது அதற்கு உயிர்காக்கும் கவசம்.

அறிவியல் உலகம் இந்த மீனுக்கு 1823-ல் பெயர் வைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயிரோடு ஐரோப்பாவுக்குப் போனது. அதன் பிறகு வளர்ப்பவர்கள் தொட்டியிலேயே குஞ்சு எடுத்து, நிறம் மாறிப் பிறந்ததைப் பிரித்து வளர்த்து, கறுப்பு, தங்க நிறம், பளிங்கு நிறம், நீண்ட துடுப்பு என்று பல ரகங்களை உண்டாக்கினார்கள். நம் ஊர் ஏரி குளங்களில் பிடிபடும் ஜிலேபி மீனும் ஏஞ்சலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றால் ஆச்சரியமாக இருக்கும். இரண்டுமே முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும் குணம் உள்ளவை.

அமேசானின் கிளையான ரியோ நீக்ரோ ஆற்றின் கரையில் பார்செலோஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஆற்றுத் தண்ணீர் பால் ஊற்றாத டீ போல இருக்கும். காட்டு இலைகள் ஊறி ஊறி வந்த நிறம் அது. அந்த ஊரில் பல குடும்பங்கள் வண்ண மீன் பிடித்து விற்றுப் பிழைக்கின்றன. காடு இருந்தால்தான் மீன் இருக்கும், மீன் இருந்தால்தான் வருமானம் இருக்கும் என்பதால் காட்டை வெட்டாமல் காப்பாற்றவும் இந்தத் தொழில் உதவுகிறது என்று சொல்லி, 1989 முதல் பியாபா திட்டம் என்ற முயற்சி அங்கே நடந்துவருகிறது.

காட்டில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா?

இது முக்கியமான விஷயம். "வைல்டு" என்று கடைக்காரர் சொன்னால் இரண்டு அர்த்தம் இருக்கலாம்.

ஒன்று, இயற்கை நிறம் கொண்ட பண்ணை மீன். நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். சென்னை கொளத்தூர் வண்ண மீன் தொழிலுக்குப் பேர்போன இடம். அங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுக் கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டிப் பல குடும்பங்கள் மீன் வளர்க்கின்றன. அப்படிப் பிறந்த மீன் நம் தண்ணீருக்கும் நம் தீவனத்துக்கும் பழகியது.

இரண்டாவது, ஆற்றில் பிடித்து விமானத்தில் வந்த மீன். இதற்கு விலை அதிகம், பக்குவமும் அதிகம். குறிப்பாக "ஆல்டம்" என்று ஒரு தனி இனம் உண்டு. ஓரினோக்கோ ஆற்றிலும் ரியோ நீக்ரோவின் மேல்பகுதியிலும் இருப்பது. சாதாரண ஏஞ்சலைவிட உயரமாக வளரும். உப்பு மிகக் குறைந்த, புளிப்புத் தன்மை உள்ள தண்ணீர் வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதன் பக்கம் போக வேண்டாம். உயரமான சாதாரண ஏஞ்சலைக் காட்டி "ஆல்டம்" என்று விலை சொன்னாலும் ஏமாற வேண்டாம்.

"இந்த மீன் எங்கே பிறந்தது? எந்தத் தண்ணீரில் வளர்ந்தது?" இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

தொட்டி எவ்வளவு பெரிசு?

ஏஞ்சல் மீனை வாங்கும்போது ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். அதைப் பார்த்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டுவிடுகிறார்கள். நன்றாக வளர்ந்த மீன் உடம்பே 15 சென்டிமீட்டர் வரை வரும். மேல் துடுப்பையும் கீழ்த் துடுப்பையும் சேர்த்தால் உயரம் 20 சென்டிமீட்டரைத் தாண்டும். எனவே இந்த மீனுக்குத் தொட்டியின் நீளத்தோடு உயரமும் முக்கியம்.

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சரியாக இருக்கும். இதில் விளிம்பு வரை ஊற்றினால் ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். சின்ன மீனாக 6 வாங்கி விடலாம். பெரிதான பிறகு 4-க்கு மேல் வைக்கக் கூடாது.

190 லிட்டர் தண்ணீர் என்றால் 190 கிலோ. கண்ணாடி, மணல் எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 250 கிலோ. டி.வி. ஸ்டாண்டு, பழைய மேஜை தாங்காது. இரும்பு ஸ்டாண்டு அல்லது செங்கல் திண்டு வேண்டும். அதற்கு மேல் தெர்மாகோல் விரித்துத் தொட்டியை வையுங்கள். தரை சமமாக இல்லையென்றால் கண்ணாடி விரிசல் விடும். ஜன்னல் வெயில் நேராகப் படும் இடத்தில் வைத்தால் பாசி பிடிக்கும், தண்ணியும் சூடாகும்.

தண்ணீர்: எல்லாத் தப்பும் இங்கேதான் தொடங்குகிறது

குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனின் செவுளை எரித்துவிடும். அகலமான டிரம்மில் பிடித்து ஒரு நாள் முழுக்க வைத்திருந்தால் குளோரின் ஆவியாகிப் போகும். அவசரம் என்றால் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சொன்ன அளவில் சேர்க்கலாம். பிடித்து வைத்த டிரம்மை வேட்டித் துணியால் இறுக்கி மூடிக் கட்டுங்கள். திறந்த தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். மீனுக்காக வைத்த தண்ணீர் பிள்ளைகளுக்குக் காய்ச்சலைக் கொண்டுவரக் கூடாது.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் பல ஊர்களில் உப்பு அதிகம். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். பண்ணையில் பிறந்த ஏஞ்சல் ஓரளவு கடின நீரைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அதில் முட்டை சரியாகப் பொரிக்காது. இதற்குக் கையிலேயே வழி இருக்கிறது. நம் வீடுகளில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறதே, அதுதான். முதல் மழையை விட்டுவிட்டு, கூரை கழுவிய பிறகு வரும் மழைநீரைச் சுத்தமான டிரம்மில் பிடித்து, போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். மழைநீரை மட்டும் தனியாக ஊற்ற வேண்டாம். அதில் தாது உப்பே இருக்காது, தண்ணீரின் தன்மை திடீரென்று மாறிவிடும்.

நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த, பழுத்து உதிர்ந்த இலையைக் கழுவி ஒன்றிரண்டு போட்டால் தண்ணீர் லேசான டீ நிறமாகும். அது அழுக்கு இல்லை. இந்த மீன் பிறந்த ஆற்றின் நிறமே அதுதான். மருந்து அடித்த மரத்து இலை மட்டும் வேண்டாம்.

சூடு 24 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். நம் சமவெளி ஊர்களில் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு அவசியம் வேண்டும். மே மாதத்தில் தண்ணீர் சூடாகும்போது அதில் காற்று குறையும். அப்போது காற்று மோட்டாரைக் கூடுதலாக ஓடவிடுங்கள்.

தயிருக்கு உறை ஊற்றுவது போல

"புதுத் தொட்டி, புதுத் தண்ணி, எல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சு. ஒரே வாரத்துல எல்லாம் செத்துப்போச்சு." இந்தப் பேச்சை நாங்கள் பல ஊரில் கேட்டிருக்கிறோம். காரணம் கண் திருஷ்டி இல்லை. தொட்டி பக்குவப்படவில்லை.

மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற நச்சு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை நல்ல பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நச்சுதான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும். இது அவ்வளவு கெடுதல் இல்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் வெளியேறிவிடும். இந்த நல்ல பாக்டீரியா பில்டரின் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் ஆறு மீனை ஒன்றாக விட்டால் நச்சு ஏறிச் செத்துப்போகும்.

சீக்கிரம் பக்குவப்படுத்த என்ன வழி? பாலில் உறை மோர் ஊற்றினால் தயிராவது போலத்தான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், நோய் இல்லாத தொட்டியின் பழைய ஸ்பாஞ்சைக் கொஞ்சம் வாங்கிவந்து நம் பில்டரில் வையுங்கள். உடனே ஓரிரண்டு மீன் விடுங்கள், தீனி குறைவாகப் போடுங்கள். பிறகு மெதுவாக எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கடையில் கிடைக்கும் அமோனியா பரிசோதனை மருந்து ஒன்று வாங்கிக் குழுவாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில், சோப்புப் போட்டு "பளிச்சுன்னு" கழுவிவிடாதீர்கள். நல்ல பாக்டீரியா எல்லாம் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். வீட்டு வேலையில் சுத்தத்துக்குப் பேர்போன நமக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும்!

மீனை வாங்கி விடும் முறை

1. வால், துடுப்பு கிழியாத, கண் கலங்காத, தீனிக்கு ஓடிவரும் மீனாகப் பாருங்கள். மூலையில் தனியாக நிற்பது வேண்டாம்.

2. பையைத் திறக்காமல் தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள்.

3. பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரை ஊற்றுங்கள். அரை மணி நேரம் இப்படிச் செய்யுங்கள்.

4. மீனை வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

5. ஏற்கெனவே மீன் இருந்தால், புது மீனை இரண்டு வாரம் தனி வாளியிலோ சின்னத் தொட்டியிலோ வைத்து நோய் இல்லை என்று பார்த்த பிறகு சேருங்கள்.

பயந்த மீனின் கறுப்புக் கோடு வெளுத்துப் போகும் அல்லது திடீரென்று கறுத்துப் போகும். இந்தக் கோடுதான் அதன் முகபாவம். நாலு நாள் உற்றுப் பார்த்தால் உங்களுக்கே பழகிவிடும்.

யாரோடு சேர்க்கலாம்?

ஏஞ்சல் சாதுவாகத் தெரியும், ஆனால் வாயில் நுழையும் மீனை விழுங்கிவிடும். நியான் டெட்ரா போன்ற சின்ன மீன், சின்ன இறால் வேண்டாம். டைகர் பார்ப் அதன் நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறும், அதுவும் வேண்டாம். தங்க மீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும், அழுக்கும் அதிகம், அதையும் சேர்க்காதீர்கள். அடியில் மேயும் கோரிடோராஸ் மீன் ஒத்துப்போகும். ஏஞ்சல்களுக்குள்ளேயே சண்டை வரும். நீண்ட இலைச் செடி, ஊறவைத்துக் கழுவிய மரவேர் இரண்டு வைத்தால் ஒன்றின் கண்ணில் ஒன்று படாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

தீனி

ஒரு நாளைக்கு இரண்டு வேளை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். மீதி அடியில் கிடந்தால் அழுகி நச்சாகும். குருணைத் தீவனத்தோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் உறைந்த இரத்தப் புழுவோ ஆர்ட்டீமியாவோ கொடுக்கலாம். சாக்கடையில் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழு நோயைக் கொண்டுவரும், தவிர்த்துவிடுங்கள்.

பண்டிகைக்கு அம்மா வீட்டுக்குப் போகிறீர்களா? வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. "பாவம் பசிக்கும்" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை டப்பாவைக் கவிழ்ப்பதுதான் ஆபத்து. அதிக நாள் போவதாக இருந்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேளைத் தீனியைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நம் வீட்டில் இருக்கும் ஆபத்துகள்

கொசு மருந்து ஸ்பிரேயை மீன் தொட்டி இருக்கும் அறையில் அடிக்காதீர்கள். அந்த மருந்து மனிதனைவிட மீனைப் பல மடங்கு பாதிக்கும். காற்று மோட்டார் அறையிலுள்ள காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை மறக்காதீர்கள். கொசுவர்த்தியையும் வேறு அறையில் வையுங்கள்.

கையில் சோப்பு, எண்ணெய், மஞ்சள் இருந்தால் நன்றாக வெறும் தண்ணீரில் கழுவிய பிறகே தொட்டிக்குள் விடுங்கள். வாளி, மக் எல்லாம் மீனுக்கென்று தனியாக இருக்கட்டும்.

கரண்ட் விஷயம் உயிர் விஷயம். தொட்டிக்குள் கை விடும் முன்பு எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மறுபடி மேலே ஏறும்படி விட்டால், வயரில் வழியும் தண்ணீர் கீழேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

கரண்ட் போனால் மக்கில் தண்ணீரை எடுத்து மேலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டிருங்கள். காற்று கலக்கும். அன்றைக்குத் தீனி போடாதீர்கள். அடிக்கடி மின்வெட்டு வரும் ஊரில் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

மின்சாரச் செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். 5 வாட் காற்று மோட்டார் நாள் முழுக்க ஓடினால் மாதம் 3.6 யூனிட். 10 வாட் எல்.இ.டி. விளக்கு தினம் 8 மணி நேரம் எரிந்தால் மாதம் 2.4 யூனிட். மொத்தம் 6 யூனிட்தான். ஆனால் 100 வாட் ஹீட்டர் போட்டு அது நாளில் பாதி நேரம் ஓடினால் அது மட்டும் மாதம் 36 யூனிட் ஆகும்.

வாரம் ஒரு நாள் கால்பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றுங்கள். தினம் 15 நிமிடம், வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் இந்த வேலைக்கு வேண்டும். அந்த நேரம் யாருடையது? வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஆசைப்பட்டுக் கேட்டது பிள்ளைகளும் வீட்டுக்காரரும், தண்ணி மாத்துறது மட்டும் அம்மா என்று ஆகிவிடக் கூடாது.

மீன் மேல் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்தால் அது தொற்றுநோய். அன்றே கடையிலோ மீன்வளத் துறையிலோ கேட்டு மருந்து போடுங்கள். புள்ளி மறைந்தவுடன் நிறுத்தாமல் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். நாமும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது போலத்தான்.

குஞ்சு எடுப்பது

ஏஞ்சலில் ஆண், பெண் பார்த்துச் சொல்வது கஷ்டம். 6 முதல் 8 குட்டிகளை ஒன்றாக வளர்த்தால் அவையே ஜோடி சேரும். 8 முதல் 12 மாதத்தில் பருவத்துக்கு வரும். ஜோடி சேர்ந்த இரண்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்டும். முட்டையிடும் நேரத்தில் அடிவயிற்றில் சின்னக் குழாய் தெரியும். ஆணுக்கு ஒல்லியாகக் கூர்மையாக இருக்கும், பெண்ணுக்குத் தடிமனாக மழுங்கி இருக்கும். சில சமயம் இரண்டு பெண் மீனே ஜோடி போல நடந்து முட்டையிடும். அத்தனை முட்டையும் வெள்ளையாகிக் கெட்டுவிடும். அதனால் "ஜோடி" என்று சொல்லி அதிக விலைக்கு விற்பவரிடம், "இது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

சாய்த்து வைத்த ஓடு, பி.வி.சி. குழாய், அகன்ற இலை இவற்றின் மேல் வரிசை வரிசையாக முட்டையை ஒட்டும். நன்கு வளர்ந்த தாய் ஒரு தடவைக்குச் சில நூறு முட்டை இடும். 27, 28 டிகிரி சூட்டில் இரண்டரை நாள் அளவில் பொரிக்கும். குஞ்சு உடனே நீந்தாது. ஒட்டிக்கொண்டே துடிக்கும். ஏழு எட்டு நாள் ஆகும்போதுதான் கூட்டமாக நீந்தும். அன்று முதல் தினம் மூன்று நான்கு வேளை, அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா கொடுக்க வேண்டும். அந்த ஆர்ட்டீமியாவை உப்புத் தண்ணீரில் காற்று விட்டு முந்தைய நாளே பொரிக்கப் போட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் குஞ்சுகள் பட்டினியில் போய்விடும்.

முதல் சில தடவை தாயும் தகப்பனும் முட்டையைத் தின்றுவிடுவது சகஜம். மனதை விட்டுவிட வேண்டாம். சிலர் முட்டை ஒட்டிய ஓட்டைத் தனித் தொட்டிக்கு மாற்றி, பூஞ்சை பிடிக்காமல் மெத்திலீன் புளூ சில சொட்டு விட்டுப் பொரிக்க வைப்பார்கள். ஆனால் பெற்றோரே இரண்டு பக்கமும் காவல் நின்று, துடுப்பால் முட்டைக்கு விசிறி, கீழே விழுந்த குஞ்சை வாயில் எடுத்துப் பழைய இடத்தில் வைப்பதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

கடன் வாங்கலாமா?

இப்போது கணக்குக்கு வருவோம். நாணய அளவுக் குட்டி வாங்கினால் அது முட்டையிட ஏறக்குறைய 8 முதல் 10 மாதம். முட்டை குஞ்சாகி விற்கும் அளவுக்கு வர இன்னும் 2 மாதம். ஆக முதல் ரூபாய் கைக்கு வர ஒரு வருஷம்.

உதாரணத்துக்கு, குழுவில் 10,000 ரூபாய் உள்கடன், மாதம் 1 ரூபாய் வட்டி, 10 தவணை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதமே 1,000 ரூபாய் அசலும் 100 ரூபாய் வட்டியும் கட்ட வேண்டும். மீனிலிருந்து முதல் ரூபாய் கைக்கு வருவதற்குள் கடன் முழுக்கக் கட்டி முடித்திருக்க வேண்டும்! அந்தப் பணம் எங்கிருந்து வரும்? நூறு நாள் வேலைக் கூலியிலிருந்தா, பால் காசிலிருந்தா? தவணை தவறினால் குழுவின் தரம் குறையும். அடுத்து வங்கிக் கடன் கேட்கும்போது பத்துப் பன்னிரண்டு பேருக்கும் சேர்ந்தே பாதிப்பு வரும். இதில் இருக்கும் உண்மையான ஆபத்து மீன் சாவது மட்டும் இல்லை.

இன்னொன்று. கோடு போட்ட சாதாரண ஏஞ்சலுக்குப் பொதுவாக விலை குறைவு. நிற ரகங்களுக்குத்தான் விலை அதிகம். கோடு போட்டதன் நன்மை வேறு: உறுதியானது, கற்றுக்கொள்ள ஏற்றது. எனவே எங்கள் ஆலோசனை இதுதான்:

முதல் தொட்டியைக் கடனில் வாங்காதீர்கள். முடிந்தால் சொந்தச் சேமிப்பில், பழைய தொட்டியாக, நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி ஒரு வருஷம் பழகுங்கள். இரண்டு முறையாவது குஞ்சு எடுத்து விற்ற பிறகு கடனைப் பற்றிப் பேசுங்கள். அப்போதும் வருமானம் வரும் மாதத்துக்கு ஏற்பத் தவணையை மாற்றிக் கேளுங்கள்.

"நாங்களே குட்டி தர்றோம், நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்" என்று யார் வந்து முன்பணம் கேட்டாலும், எழுத்தில் இல்லாமல், குழுவில் வைக்காமல் பணம் கொடுக்காதீர்கள். வாங்குபவர் யார், எத்தனை, என்ன விலைக்கு என்பதை முதலில் நீங்களே இரண்டு கடையில் போய் விசாரியுங்கள்.

2020-ல் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ண மீன் வளர்ப்பும் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கு அலகுச் செலவில் 60 சதவீதம் மானியம் என்று அதில் வகுக்கப்பட்டது. இப்போது உங்கள் மாவட்டத்தில் என்ன திட்டம் இருக்கிறது, நிதி இருக்கிறதா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மானியம் வரும் என்று நம்பி வெளியில் வட்டிக்கு வாங்காதீர்கள். பயிற்சிக்கு நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையங்களையும், உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும் கேட்கலாம்.

ஏரியில் விடாதீர்கள்

வளர்க்க முடியாமல் போனால், "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று குளத்தில் விடுகிறார்கள். இது புண்ணியம் இல்லை. தொட்டியைச் சுத்தம் செய்ய என்று வாங்கிய சக்கர் மீனை இப்படி விட்டுவிட்டுத்தான், இன்று நம் ஏரிகளில் அது பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள் அல்லது வளர்க்கும் இன்னொரு சகோதரியிடம் கொடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

ஊக்குநர்கள் இந்தக் கட்டுரையைச் சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகு கீழே உள்ள கேள்விகளைக் கேளுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

1. நம் ஊர்த் தண்ணீர் எப்படிப்பட்டது? மழைநீர் பிடித்து வைக்க யார் வீட்டில் வசதி இருக்கிறது?

2. முதல் ஒரு வருஷம் வருமானம் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய யாரால் முடியும்?

3. நம் பகுதியில் வண்ண மீன் கடை எத்தனை? அவர்கள் எங்கிருந்து வாங்குகிறார்கள்? யார் போய் விசாரித்து வருவது?

4. சேர்ந்து ஒரு தொட்டி வாங்கினால் யார் வீட்டில் வைப்பது, யார் என்ன வேலை செய்வது?

நாலு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் தொடங்கலாம். கிடைக்கவில்லை என்றால் ஒன்றும் நஷ்டம் இல்லை, சேமிப்பு சேமிப்பாகவே இருக்கும். ஆசைக்காக மட்டும் வளர்க்கிறவர்கள் தாராளமாக வளர்க்கலாம். வேலை முடித்து வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு டம்ளர் டீயோடு பத்து நிமிடம் அந்த மீனைப் பார்ப்பதும் நமக்கு வேண்டிய ஒன்றுதான்.